என் புத்தகம்தானே, சும்மா கொடுத்தால் யார் கேட்பார்கள்?

பணி ஓய்வுக்குப் பிறகு என் மூன்று வேதியியல் புத்தகங்களையும் ஸ்கேன் செய்து, தமிழ்வழியில் பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஒரு மாத வேலை என்பது என் கணக்கு. பத்தொன்பது மாதம் ஆனது. கையிலிருந்து போனது 38,550 ரூபாய். நடுவில் ஒரு வக்கீல் நோட்டீஸ், இரண்டு சண்டை, தூக்கம் வராத ஒரு வாரம். இத்தனைக்கும் பிறகு மூன்றில் இரண்டைத்தான் திறந்துவிட முடிந்தது. தொடங்கும்போதே யாராவது உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் செலவில் மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சியிருக்கும். தமிழில் பாடம் எழுதி வைத்திருக்கிற ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் வேதியியல்காரன், வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுவதற்கு முன் படித்துவைக்கும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் புத்தகம் 1996இல் வந்த செய்முறைக் கையேடு, 212 பக்கம். இரண்டாவது 2001இல் வந்த கரிம வேதியியல் அறிமுகம், 164 பக்கம். மூன்றாவது, 2006இல் ஒரு தொலைநிலைக் கல்வி நிறுவனத்துக்காக எழுதிக் கொடுத்த பாடத்தொகுப்பு. மூன்றும் கடைகளில் கிடைப்பதில்லை. பழைய மாணவர்கள் ஜெராக்ஸ் கேட்டு வருவார்கள். அதனால் முதல் புத்தகத்தை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் எடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, சுட்டியை வாட்ஸாப் குழுக்களில் போட்டேன். இரண்டு நாளில் எங்கெங்கோ போய்விட்டது. பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் பதிப்பாளர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. உரிமை தங்களுடையது, உடனே நீக்க வேண்டும், நட்டஈடு 2 லட்சம். பதினைந்து வருடமாக மறுபதிப்பு போடாத புத்தகத்துக்கு நட்டமாம். கை நடுங்கியது உண்மை. அன்று ராத்திரியே கோப்பை நீக்கிவிட்டு, என் மனைவியிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் இருந்தேன்.

நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலை, ஸ்கேனருக்குப் போகும் முன் பீரோவுக்குப் போவது. ஒப்பந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். 1996 ஜூனில் கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாள் எனக்குக் கிடைத்தது: 4,000 ரூபாய் பெற்றுக்கொண்டு "அனைத்து உரிமைகளையும்" கொடுப்பதாக ஆறு வரி. எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு சொல் இல்லை. அந்த விடுபட்ட சொல்தான் என்னைக் காப்பாற்றியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு, உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஒப்பந்தத் தேதியிலிருந்து 5 ஆண்டு மட்டுமே என்கிறது. ஆக, 2001 ஜூனோடு உரிமை என்னிடமே திரும்பிவிட்டது. பதிப்பாளர் 2003இல் போட்ட மறுபதிப்புக்குத்தான் என் அனுமதி வேண்டியிருந்தது. இது தெரிந்தபோது பயம் போய்க் கோபம் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விதி 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது, 1995 மே 10இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது. உங்கள் தாளில் 1993 என்று தேதி இருந்தால் என்னைப் போல உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். இதே பிரிவில் இன்னொன்றும் உண்டு: உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

இரண்டாவது புத்தகத்துக்குத் தாளே இல்லை. டீக்கடையில் பேசி முடித்த விவகாரம். உரிமை மாற்றம் எழுத்தில், உரிமை கொடுப்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்பது சட்டம். வாய்ப்பேச்சில் நான் கொடுத்தது, மிஞ்சிப்போனால், அந்தப் பதிப்பை அச்சிடும் அனுமதி. எனவே அதுவும் என்னுடையதே. மூன்றாவதில்தான் அடி. தொலைநிலைக் கல்விக்காரர்கள் நாலு பக்கத்துக்குப் பக்காவாக எழுதி வாங்கியிருந்தார்கள்; எல்லா ஊடகத்துக்கும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை உள்ளவரைக்கும் அவர்களுடையது. நான் படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. இரண்டு கடிதம் எழுதினேன், ஒருமுறை நேரில் போனேன், "கோப்பு நகரவில்லை" என்றார்கள். விட்டுவிட்டேன். இதில் ஒரு ஆறுதல்: பதிப்புரிமை என்பது எழுதிய விதத்துக்குத்தான், வேதியியலுக்கு இல்லை. உப்புப் பகுப்பாய்வின் படிநிலைகள் யாருக்கும் சொந்தமில்லை. பழைய பக்கங்களைப் பார்க்காமல், புதிய உதாரணங்களோடு, புதிய வாக்கியத்தில் எழுதினால் அது புதிய நூல். அப்படி இதுவரை மூன்று பாடம் எழுதியிருக்கிறேன்.

அப்பாவோ அம்மாவோ எழுதிய புத்தகம் என்றால் வேலை இன்னும் கொஞ்சம் கூடும். எழுதியவர் காலமான அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை வாரிசுகளுக்கு. வாரிசு நாலு பேர் என்றால் நாலு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற தம்பி பிறகு கேட்பான்.

நோட்டீசுக்குப் பதிலை வக்கீல் மூலம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆலோசனையும் பதிலும் சேர்ந்து 5,500. அதன்பின் பதிப்பாளரின் மகனை மூன்று முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை சண்டை. இரண்டாம் முறை மோர் கொடுத்தார். மூன்றாம் முறை நானே தட்டச்சு செய்து கொண்டுபோன கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி அது தேவையில்லை என்று வக்கீல் சொன்னார். இருந்தாலும் வாங்கியது நல்லதாயிற்று, பின்னால் இரண்டு இடத்தில் அதைத்தான் காட்டினேன். கடிதத்தில் இருக்க வேண்டியவை: நூலின் பெயர், பதிப்பாண்டு, ஒப்பந்தத் தேதி, "இந்நூலில் எங்களுக்கு எவ்வித உரிமையும் இல்லை, ஆசிரியர் எந்த உரிமத்தின்கீழும் வெளியிடலாம்" என்ற வாசகம், முத்திரை, தேதி. "இலவசமாகப் போட்டுக்கொள்ள ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். அது பாதிக் கிணறு தாண்டுவது.

புத்தகத்தின் எழுத்து என்னுடையது என்று ஆனபிறகு, படங்கள் யாருடையவை என்ற கேள்வி வந்தது. அட்டை ஓவியமும் உள்ளே இருந்த 38 வரைபடங்களும் பதிப்பாளர் காசு கொடுத்து ஓர் ஓவியரிடம் வாங்கியவை. ஓவியர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைவிட மோசம், ஐந்து படங்கள் வெளிநாட்டுப் பாடநூல் ஒன்றிலிருந்து அப்படியே நகலெடுத்து வரையப்பட்டவை. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தோம். இப்போது பொதுவெளியில் போட்டால் நாமே மாட்டிக்கொள்வோம். அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் எழுத்தால் அட்டை செய்தேன். 38 படங்களையும் இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் புதிதாக வரைய ஒரு மாணவிக்குப் படத்துக்கு 200 ரூபாய், மொத்தம் 7,600. வாலை வடிக்கும் அமைப்பில் குளிர்விப்பானுக்குள் தண்ணீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும். பழைய படத்தில் அது தலைகீழாக இருந்தது. இருபத்தைந்து வருடமாக நானும் பார்க்கவில்லை, படித்தவர்களும் சொல்லவில்லை. புதிதாக வரைந்ததில் கிடைத்த லாபம் அது.

அடுத்தது உரிமம், அதாவது புத்தகத்தை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. இங்கேதான் ஏழு மாதத்தை வீணடித்தேன். முதல் வெளியீட்டில் "கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும். விற்கக் கூடாது" என்று போட்டேன். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், ஒரு சிற்றூர் அறிவியல் இயக்க நண்பர் 300 பிரதி அச்சிட்டு அடக்க விலைக்குக் கொடுக்கக் கேட்டார். அடக்க விலை விற்பனையா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அச்சிடவே இல்லை. படங்களை விக்கிப்பீடியாவில் சேர்க்க விரும்பியவருக்கு வழியில்லை. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் எதையும் விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் ஏற்பதில்லை. தனியார் கல்லூரி ஆசிரியர் ஒருவர், "நாங்கள் கட்டணம் வாங்கும் கல்லூரி, நாங்கள் பயன்படுத்தலாமா" என்று கேட்டார். நானே கையால் செய்த உரிமம், எனக்கே பதில் தெரியவில்லை. நம் பள்ளிப் பாடநூல்களை அரசு பி.டி.எஃப். ஆகத் தருகிறது, யாரும் இறக்கிப் படிக்கலாம், பெரிய காரியம்தான். ஆனால் அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து மாற்றி நம் புத்தகத்தில் போட அனுமதி கேட்க வேண்டும். 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் திறந்த அணுக்கத்தை, அதாவது ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் தடையின்றித் தருவதை, வரையறுத்தபோது, படிப்பதோடு நகலெடுப்பதையும் பரப்புவதையும் சேர்த்துத்தான் சொன்னது. என் முதல் வெளியீடு படிக்க மட்டும் இலவசம்.

கடைசியில், யாரும் எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக எழுதிவைத்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் "பை எஸ்.ஏ. 4.0" என்பதை எடுத்தேன். என் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும். மற்றபடி அச்சிடலாம், விற்கலாம், மொழிபெயர்க்கலாம். விற்கலாம் என்ற சொல் முதலில் உறுத்தியது. நாம் சும்மா கொடுப்பதை இன்னொருவன் காசாக்குவதா? ஒரு வாரம் யோசித்தபின் தெளிந்தது: அவன் அச்சடித்தால்தான் கையில் போன் இல்லாத பிள்ளைக்குப் புத்தகம் போகும், ஆன்லைனில் அதே புத்தகம் சும்மா கிடைக்கும்போது அவனால் கொள்ளை விலை வைக்கவும் முடியாது. ஒரு எச்சரிக்கை: இந்த உரிமத்தைக் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. பின்னால் வேறு உரிமத்தில் வெளியிடலாம், ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்களின் உரிமை போகாது. எனவே மேலே சொன்ன ஒப்பந்த வேலையெல்லாம் முடிந்தபிறகே கொடுங்கள். உரிமத்தின் முழுப் பெயரும் 4.0 என்ற பதிப்பு எண்ணும் உரிமப் பக்கத்தின் இணைய முகவரியும் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும். தளத்தில் மட்டும் போட்டால் போதாது. கோப்பு வாட்ஸாப்பில் தனியாகப் பயணம் போகும், தளம் கூடவே போகாது.

இனி எழுத்து. இரண்டாவது புத்தகத்தை அச்சுக்கு வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பு ஒரு சிடியில் கிடைத்ததும், வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாமினி எழுத்துருவில் செய்தது. பாமினியில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். "ஜே" இருக்கும் இடத்தில் திரையில் "த" தெரியும், "கே" இருந்தால் "ம". எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. தேடவும் முடியாது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானால் படிக்கவும் முடியாது. எல்லாக் கருவியிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தருவதாக ஒரு டி.டி.பி. மையம் 6,000 வாங்கியது. அவர்கள் செய்தது, முழுதையும் ஓர் எழுத்துருமாற்றி மென்பொருளில் ஒட்டி எடுத்தது. தமிழ் நன்றாகவே வந்தது. வேதியியல் போய்விட்டது. ஆங்கில எழுத்தில் இருந்த வாய்பாடுகளையும் அந்த மென்பொருள் பாமினி என்றே எடுத்துக்கொண்டது. கார்பன் டை ஆக்சைடு "ஊழு2" ஆனது. சாப்பாட்டு உப்பு "யேஊட" ஆனது. வினையின் அம்புக்குறிகள் சிம்பல் என்ற எழுத்துருவில் இருந்தவை. அவை எல்லாம் வட்டத்துக்குள் எழுத்து போட்ட வணிக முத்திரைக் குறிகளாகிவிட்டன. வெப்பப்படுத்துவதைக் குறிக்கும் முக்கோணம் "னு" ஆகி, வாக்கியத்தோடு வாக்கியமாகக் கலந்து உட்கார்ந்திருந்தது. 164 பக்கமும் இப்படி. ஊழ்வினை என்று சிரிக்கலாம், 6,000 ரூபாய் திரும்பி வராது.

சரியான வழி பிறகு பிடிபட்டது. எழுத்துரு விவரம் அழியாமல் கோப்பை வேர்டுக்கோ லிப்ரே ஆபீசுக்கோ கொண்டுவாருங்கள். பழைய கோப்பைத் திறக்கப் பழைய விண்டோஸ் உள்ள கணினி தேவைப்படலாம். ஊரில் ஏதாவது ஒரு அச்சகத்தில் கட்டாயம் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே தேடல் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி உண்டு. பாமினி அல்லாத ஒவ்வொரு துண்டையும் கண்டுபிடித்து, அதன் இடத்தில் 90001, 90002 என்று எண் போடுங்கள். எந்த எண் எந்த வாய்பாடு என்று தனித்தாளில் அட்டவணை வையுங்கள். எண்கள் பாமினியில் எண்களாகவே இருப்பதால் மாற்றியில் சேதமாகாது. தமிழை மாற்றி முடித்தபின் எண்களை எடுத்துவிட்டு வாய்பாடுகளை, கீழெழுத்துகளோடு, மறுபடி வையுங்கள். என் புத்தகத்தில் வெவ்வேறு துண்டுகள் 640 சொச்சம். நாலு நாள் வேலை. அடுத்து, வரி முறிவுகள். பேஜ்மேக்கரில் வரி நிரம்ப வேண்டும் என்று நடுச் சொல்லில் வெட்டியிருப்பார்கள். மாற்றியபின் "ஆக்சி ஜன்", "நடுநிலை யாக்கல்" என்று இடைவெளியோடு வரும். இதற்குக் குறுக்குவழி இல்லை, படித்துத்தான் திருத்த வேண்டும்.

முதல் புத்தகம் அச்சுப் பிரதியாக மட்டும் இருந்தது. ஸ்கேன் கடைக்காரர் 3,180 ரூபாய்க்கு எடுத்துக்கொடுத்தது 150 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 150 புள்ளி), ஒரு படத்தில் இரண்டு பக்கம், நடுவில் தையல் நிழல். படிக்க முடியும், ஆனால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளுக்குப் பயன்படாது. பழைய பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்றை 4,500க்கு வாங்கி, சாம்பல் நிறத்தில் 300 டி.பி.ஐ.யில் நானே எடுத்தேன். வாய்பாடு அடர்ந்த பக்கங்களை மட்டும் 600இல் எடுக்க வேண்டியிருந்தது. ஆறு பாயிண்ட் கீழெழுத்தில் 2க்கும் 3க்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தை நிமிர்த்த, ஓரம் வெட்ட ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருள். பிறகு கூகுள் டாக்ஸ் வழியாகவோ டெசராக்ட் வழியாகவோ எழுத்தாக்கலாம். தமிழுக்கு இரண்டும் இப்போது நன்றாகவே செய்கின்றன. வழக்கமான தவறுகள் எவை என்று தெரிந்துகொண்டால் திருத்துவது வேகமாகும்: துணைக்கால் "ர" ஆகும், மெய்யெழுத்தின் புள்ளி விழும், எ-ஏ குழம்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகமாக இருந்தால் பழைய "னை", "றா" வடிவங்களில் எழுத்துணரி திணறும். நேரத்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. 212 பக்கத்துக்கு 53 மணி நேரம், அது ஒரு சுற்றுக்கு.

தமிழ்ப் பிழை மானத்தை வாங்கும், எண் பிழை ஆளையே காயப்படுத்தும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பின்னிணைப்பில், ஆய்வக நீர்த்த கந்தக அமிலம் 100 மிலி தயாரிக்க 5.6 மிலி அடர் அமிலம் என்று இருக்கும். எழுத்துணரி அந்தப் புள்ளியை விழுங்கிவிட்டது. வெளியிட்ட கோப்பில் 56 மிலி. பத்து மடங்கு. அவ்வளவு அடர் கந்தக அமிலத்தை அந்தக் கொஞ்சம் தண்ணீரில் கலந்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணியாத பிள்ளை பக்கத்தில் நின்றால் அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து ஒரு மேல்நிலைப் பள்ளி ஆய்வக ஆசிரியர் அழைத்து, "சார், இந்த அளவு கொஞ்சம் இடிக்குதே" என்றார். நல்லவேளை அனுபவசாலி. அந்த ஒரு வாரம்தான் நான் தூங்காத வாரம். எத்தனை பேர் இறக்கினார்கள், எந்தெந்தக் குழுவில் சுற்றுகிறது, ஒன்றும் தெரியாது. தளத்தில் கோப்பை மாற்றலாம், போன்களில் இருப்பதை என்ன செய்வது?

அதன்பின் வைத்துக்கொண்ட முறை இது. ஒருவர் அச்சுப் பிரதியைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் திரையில் விரல் வைத்துத் தொடர வேண்டும். "ஐந்து புள்ளி ஆறு" என்று புள்ளியையும் சொல்லிப் படிக்க வேண்டும். இதற்கு இரண்டு மாணவர்களை அமர்த்தினேன், இரு புத்தகத்துக்கும் சேர்த்து 376 பக்கம், பக்கத்துக்கு 25 ரூபாய், 9,400. பிறகு "மிலி", "கிராம்", "நார்மல்" ஆகிய சொற்களைத் தேடி, ஒவ்வொரு இடத்திலும் நின்று, இந்த அளவு வேதியியல்படி நியாயமா என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒப்பிடுவது மட்டும் போதாது, ஏனென்றால் அச்சிலேயே இரண்டு தவறு இருந்தது. பாதரசத்தையும் பென்சீனையும் தாராளமாகக் கையாளச் சொன்ன பழைய சோதனைகளை எடுத்துவிட்டேன். 1996இல் எழுதியதை 1996 மாதிரியே கொடுப்பது நேர்மையில்லை. கடைசியாக, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண், தேதி, திருத்தப் பட்டியல் இருக்கும் நிலையான முகவரி மூன்றும் வரும்படி செய்தேன். சுற்றிக்கொண்டிருக்கும் பழைய கோப்பிலிருந்து புதியதற்கு வர அது ஒன்றுதான் வழி.

எங்கே வைப்பது? கூகுள் டிரைவ் மட்டும் வேண்டாம். நமக்குப் பிறகு அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஜெனோடோ என்று செர்ன் ஆய்வகம் நடத்தும் களஞ்சியம் இருக்கிறது, காசு இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் நிலையான அடையாள எண் தருகிறது, கூடவே எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஒரு எண்ணும் தருகிறது. பொது எண்ணைச் சொடுக்கினால் எப்போதும் கடைசிப் பதிப்புக்கே போகும். பக்க அடியில் அச்சிட வேண்டியது இந்தப் பொது எண்ணைத்தான். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலும் ஏற்றினேன். அங்கே பதிவேற்றும்போது கேட்கும் அடையாளப் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. சோதனை என்று அவசரத்தில் அடித்ததுதான் இன்றும் என் புத்தகத்தின் முகவரியில் இருக்கிறது. மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுக்க மறந்தால் அவர்களின் எழுத்துணரி தமிழ்ப் பக்கத்தை வேறு மொழியாக நினைத்துப் படித்துவைக்கலாம். குறிச்சொற்களில் ஆக்சிஜன், உயிர்வளி, பிராணவாயு என்று எல்லாப் பெயரையும் போடுங்கள். தேடுகிறவர் எந்தத் தலைமுறையோ.

படங்களை விக்கிமீடியா காமன்சில் ஏற்றியபோது மூன்றை நீக்கிவிட்டார்கள். ஏற்கெனவே வேறிடத்தில் வந்த படம், ஏற்றியவர்தான் உரிமையாளர் என்பதற்குச் சான்று எங்கே என்பது கேள்வி. சரியான கேள்விதான். ஏழு நாள் அவகாசம் இருந்தது, நான் அறிவிப்பைப் பார்க்கவில்லை. அனுமதிகளைச் சரிபார்க்கும் அவர்களுடைய தன்னார்வலர் குழுவுக்கு, வரைந்த மாணவி எனக்கு எழுதிக்கொடுத்த உரிமைக் கடிதத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்பிய பிறகு மீட்டுக்கொடுத்தார்கள். எனவே காசு கொடுத்து வரையச் சொல்லும் அன்றே, அவரிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். படத்துக்குள் இருக்கும் தமிழ்ப் பெயர்களை எழுத்தாகவே விட்டுவைத்த கோப்பு ஒன்று, கோடுகளாக மாற்றிய கோப்பு ஒன்று என இரண்டு வையுங்கள். முதலாவது மலையாளத்துக்கோ சிங்களத்துக்கோ மாற்ற விரும்புகிறவருக்கு, இரண்டாவது அச்சகத்துக்கு.

போனில் படிப்பவர்களுக்காக ஈபப் என்ற மின்னூல் கோப்பும் செய்தேன். ஸ்கேன் பி.டி.எஃப். 186 எம்.பி., ஈபப் 3 எம்.பி. நாள் கணக்கில் டேட்டா போடும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் புரியும். தமிழில் உரிமத்தோடு வரும் மின்னூல்களைப் பல வடிவங்களில் வெளியிட்டுத் தரும் தன்னார்வலர்கள் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் 2013 முதல் இருக்கிறார்கள். ஈபப் செய்யத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

கணக்கில் மிச்சமிருக்கும் 2,370 ரூபாய் தபாலும் பஸ்ஸும். இதில் சுத்தமாக வீணானது ஸ்கேன் கடைக்கும் டி.டி.பி. மையத்துக்கும் கொடுத்த 9,180. ஒப்பந்தத்தை முதலிலேயே எடுத்துப் பார்த்திருந்தால் வக்கீலுக்குக் கொடுத்ததும் மிஞ்சியிருக்கும்.

போன மாதம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் செய்முறைக் கையேடு ஸ்பைரல் பைண்டிங்கில் தொங்கியது, 160 ரூபாய். நானும் ஒன்று வாங்கினேன். திருத்திய பதிப்புதான், 5.6 மிலி சரியாக இருந்தது. ஆனால் உரிமம் அச்சிட்ட இரண்டாம் பக்கத்தைக் காணோம். கடைக்காரரிடம் நான்தான் ஆசிரியர் என்று சொன்னதும் பதறி, "சார், காலேஜ் பசங்க கேட்டாங்கன்னுதான்..." என்றார். தாராளமாக விற்கலாம், அந்த ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்துவிடுங்கள் என்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதுல பாடம் ஒண்ணும் இல்லையேன்னு எடுத்துட்டேன் சார், ஒரு தாள் மிச்சம் பாருங்க" என்றார். அடுத்த பதிப்பில் உரிமத்தையும் பின்னிணைப்பின் அளவு அட்டவணையையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன்.